பசளை தந்தவரின் பெயர்

வெளிநாட்டு வெங்காயம் வருவதை அரசு நிறுத்தியிருந்த காலம். ஊர்காவற்றுறையிலிருந்து அனலைதீவுக்குப் போகும் வள்ளத்தில், எனக்கு முன்னால் ஒரு தோட்டக்காரப் பெண்ணும் விவசாயப் பகுதி உத்தியோகத்தர் ஒருவரும் இருந்தனர். அவர் மடியில் விதை வெங்காயம் கொடுப்பதற்கான படிவம்.

“அக்கா, பசளை தந்தது ஆர்?”

“கடல்.”

“பகிடி விடாதேங்கோ. உரமூட்டை வாங்கின கடையைச் சொல்லுங்கோ.”

“மூட்டை வாங்கேல்லைத் தம்பி. கரையில ஒதுங்கிற சாதாழையை அள்ளி மண்ணுக்குள்ள தாட்டனான்.”

“கடற்புல்லையோ? உப்பில பயிர் கருகிப் போடுமே.”

“மாரி முழுக்க மழையில குவிச்சு விட்டா உப்புக் கழுவுப்படும். பிறகு தாட்டா மண் ஈரத்தை விடாது, பாதித் தண்ணி இறைச்சாலே காணும். பக்கத்துக் காணிக்காரர் உரத்தைப் போட்டு, மெசினால இறைச்சு இறைச்சு, அவற்ர கிணறு உவராப் போச்சு. இப்ப தேத்தண்ணிக்கு என்ர கிணத்தில அள்ளுறார்.”

“உங்கட கிணறு கடலுக்கு எவ்வளவு தூரம்?”

“கல்லெறி தூரம். கோடையிலும் நல்ல தண்ணி.”

அவர் பேனையால் வெற்றுக் கட்டத்தைத் தட்டினார்.

“பசளை தந்தவற்ர பெயர் இல்லாட்டி விதை வெங்காயம் தர ஏலாது, அக்கா.”

“அப்ப இந்தப் போகம் என்ர காணி தரிசுதான். பெயரைத்தான் சொல்லிப்போட்டனே. எழுதும்.”

அரசாங்க அலுவலகத்தில் வெற்றுக் கட்டத்துக்காக முப்பது வருடம் படிவங்களைத் திருப்பி அனுப்பிய நான் எட்டிப் பார்த்தேன். உத்தியோகத்தர் ‘கடல்’ என்று எழுதினார். அடுத்த கட்டம் முகவரி. பேனையை நிறுத்தி, நிமிர்ந்து சுற்றிலும் பார்த்துவிட்டு எழுதினார்: ‘நாலு பக்கமும்’.