காகம் கொண்டுபோன பல்லு

இல்லைப் பிள்ளை, நான் சொல்லுறன், பிழை முழுக்க உந்தச் சின்னனுகளிலதான்! எங்கட ஃபிளாட்டில இருக்கிறதுகள். அதுகள் ஹலோவீன், பேய்க் கேக், பேய்க் கேக் எண்டு துள்ளாட்டி, எங்கட இவருக்கு இண்டைக்கு இந்தப் பல்லு டொக்டரிட்ட வந்து வாயைப் பிளந்துகொண்டு கிடக்கிற தேவை வந்திருக்குமோ? சொல்லுங்கோ பாப்பம்... ஆ, உங்களுக்குக் கதைக்கேலாது என்ன? பாவம். கன்னம் பணிஸ் மாதிரி வீங்கிக் கிடக்கு. வேண்டாம், வேண்டாம், வாயைத் திறக்காதேங்கோ. கையால பொத்திக்கொண்டு சும்மா கேட்டுக்கொண்டிருங்கோ, நோ தெரியாது.

இப்ப உள்ளுக்க போயிருக்கிறது எங்கட இவர்தான். சிவபாதசுந்தரம். கேள்விப்பட்டிருப்பியளே... இல்லையோ? வாற சனிக்கிழமை பழைய மாணவர் சங்கக் கூட்டத்துக்கு இவர்தான் தலைவர். முதல்முறை! இவ்வளவு காலமும் செயலாளர் எண்டு பேர்தான், செய்தது கதிரை அடுக்கினதும் மைக்கைத் தட்டிப் பாத்ததும். 'ஹலோ, ஹலோ' எண்டுபோட்டு இறங்கிவிடுவார், பேந்து மற்றவை ஏறி முழங்குவினம். இந்த வருசம்தான் அந்த மைக் இவருக்கெண்டு வந்தது. ஒரு மாசமாக் குளியலறைக்குள்ள தலைமையுரை! 'பேரன்புக்குரிய பெரியோர்களே' எண்டு ஷவரைப் பாத்துக் கும்பிடுவார். நான் கதவில தட்டுவன், பெரியோர்கள் காணும், தண்ணியை மூடுங்கோ எண்டு.

இப்ப பாருங்கோ, மேல் வரிசைக் கட்டுப்பல்லு முழுக்க இல்லை. வாயைத் திறந்தா காத்துத்தான் வருது. லேஞ்சியால வாயைப் பொத்திக்கொண்டு வீட்டுக்குள்ள திரியுறார். எனக்கு முன்னாலகூடச் சாப்பிடுறாரில்லை, சோத்துக் கோப்பையைத் தூக்கிக்கொண்டு அறைக்குள்ள போறார். எனக்கு முன்னால, பிள்ளை! கலியாணம் முடிச்ச நாள் தொடக்கம் என்ர சமையலுக்கு முன்னால இருந்து நொட்டை சொல்லுற மனிசன்! நேற்று சைகையால காட்டுறார், உபதலைவருக்கு ஃபோன் அடி, அவரே தலைமை தாங்கட்டும் எண்டு. நான் அடிக்கேல்லை. லைன் பிஸியாம் எண்டு சொல்லிப்போட்டன். எப்பிடிப் பிள்ளை அடிக்கிறது? கை வருமே?

டொக்டர் பெடியன் சொல்லுறார் புதுச் செற் கட்ட ரெண்டு கிழமை செல்லுமாம். பழையது உடைஞ்சு துண்டாக் கிடந்தாலும் இண்டைக்குப் பின்னேரமே ஒட்டித் தருவாராம். 'துண்டு இருக்கா அன்ரி?' எண்டு என்ர முகத்தைப் பாத்துக் கேட்டார். நான் என்னத்தைச் சொல்லுறது, இவரும் பக்கத்தில நிக்கிறார். எங்க டொக்டர், காகமெல்லே கொண்டுபோட்டுது எண்டன்.

ஓம், காகம்தான். ஸ்ஸ்... கொஞ்சம் கிட்ட வாங்கோ. உந்தத் தட்டி வெறும் பலகை, கதை உள்ளுக்க கேக்கும். இவர் அப்பிடித்தான் நினைச்சுக்கொண்டிருக்கிறார். பல்லைக் கழுவிப்போட்டுப் பல்கணியில வைச்சனான், ஒரு காகம் வந்து அலேக்காத் தூக்கிக்கொண்டு கடல்பக்கம் பறந்திட்டுது எண்டு சொல்லிவைச்சன். வெள்ளவத்தைக் காகங்களும் லேசுப்பட்டதுகளில்லையே, நம்பிவிட்டார். பேந்து வந்ததுதான் பெரிய கரைச்சல். இவர் சனி விரதம் பிடிக்கிற மனிசன். காகத்துக்கு வைக்காம ஒரு கவளம் வாயில வைக்கமாட்டார். மழையெண்டாலும் புயலெண்டாலும் பல்கணியில நிண்டு 'கா, கா' எண்டு கூப்பிட்டு, அது வந்து கொத்தினாப் பிறகுதான் சாப்பாடு. இப்ப என்னெண்டா காகத்தின்ர சத்தம் கேட்டாலே தும்புத்தடியோட ஓடுறார்! அதுகளுக்கு என்ன தெரியும்? வழமையான நேரத்துக்கு வந்து கம்பியில இருந்து தலையைச் சரிச்சுச் சரிச்சுப் பாக்குதுகள். நான் குசினி யன்னலால ஒளிச்சுச் சோறு போடுறன். சனீஸ்வரனிண்ட வாகனத்தில போய்ப் பழியைப் போட்டுட்டனே எண்டு கன்னத்தில போட்டுக்கொள்ளுறன். ஆனா பிள்ளையளைக் காட்டிக்குடுக்கேலுமே? சின்னப் பிள்ளையள்!

என்ன பாக்கிறியள்? கேக்குக்கும் பல்லுக்கும் என்ன சம்பந்தம் எண்டோ? சொல்லுறன், சொல்லுறன். உங்களை எப்பிடியும் இப்ப கூப்பிடமாட்டினம்.

எங்கட ஃபிளாட்டில ரெண்டாம் மாடியில யதுஷா எண்டு ஒரு வாய்க்காரி. மூண்டாம் மாடியில மஸாஹிரா, அவவின்ர மகன் முஸ்அப். யதுஷாவும் முஸ்அப்பும் ஒரே வகுப்பு, ஒரே குழப்படி. ஹலோவீன் அண்டைக்குப் பின்னேரம் கீழ கார் நிப்பாட்டுற இடத்தில பேய்க் கேக் போட்டியாம். நடுவர் ஆரெண்டா அஞ்சாம் மாடி மெல்ரோய். அந்தத் தம்பி கொட்டாஞ்சேனை ஆள், சின்ன வயதிலேயே இத்தாலிக்குப் போய் இப்பதான் குடும்பத்தோட வந்து இருக்கிறார். இந்த ரெண்டும் வந்து, 'சரோ அன்ரி, உங்கட கேக் சுடுற அவன்தான் பெரிசு, போட்டுத் தாங்கோ' எண்டு நாடியைப் பிடிச்சுக் கெஞ்சுதுகள். நானும் இரங்கிப்போனன். மஸாஹிரா தான் தனியா வெள்ளைப் பேய் செய்யப்போறா எண்டு மாஷ்மெலோ பைக்கெற்றைப் பிரட்டிப் பிரட்டி ஹலால் அடிச்சிருக்கோ எண்டு பாத்துக்கொண்டு நிண்டவ, எனக்கும் ஒரு ரோசம் வந்திட்டுது.

ஆனா அண்டைக்கு வெள்ளிக்கிழமை. எங்கட குசினிக்குள்ள வெள்ளிக்கிழமை முட்டை உடைக்கேலுமே? யதுஷா சொல்லுது, எங்கட வீட்டில அடிச்சுக்கொண்டு வாறம் அன்ரி எண்டு. அடிச்சாலும் என்ர அவனுக்குள்ளதானே போகவேணும்! நான் விடேல்லை. முட்டைக்குப் பதிலா ரெண்டு கதலி வாழைப்பழத்தைப் பிசைஞ்சு போட்டன். கேக் நல்லாத்தான் பொங்கினது... வெளியில எடுக்க, நடுவில தொப்பெண்டு ஒரு குழி! நான் ரெண்டையும் பிடிச்சு ஏசினன், அவன்ர கதவை நீங்கள் திறந்து திறந்து பாத்ததாலதான் எண்டு. முஸ்அப் சொல்லுறான், 'நாங்க திறக்கயே இல்ல அன்ரி' எண்டு. எதிர்வாய் வேற!

உந்தக் குழியோட கீழ போனா மஸாஹிரா என்ன நினைப்பா? அப்பதான் எனக்குக் கட்டிலுக்குக் கீழ கிடந்த ஸ்ட்ரக்சர் ஞாபகம் வந்தது. என்ர பெறாமகளிண்ட கலியாணக் கேக். தெரியும்தானே, எங்கட ஆக்களின்ர கலியாணக் கேக் எண்டா உள்ளுக்க முழுக்க ரெஜிபோம், அதுதான் ரீவிப் பெட்டிக்குள்ள வாற வெள்ளைப் பஞ்சுக் கட்டி, மேலால ஐசிங். சனத்துக்குக் குடுக்கிற கேக் வேற பெட்டியில வருது. பொம்பிளை மாப்பிள்ளை வெட்டுறதுக்கு மட்டும் பின்பக்கத்தில ஒரு துண்டு உண்மையான கேக் செருகியிருக்கும். கத்தி அதிலதான் போகும், மற்றதில ஆரும் கை வைக்கமாட்டினம். அதின்ர மேல் தட்டை, ஒருநாளைக்கு உதவும் எண்டு பொலித்தீன் சுத்தி வைச்சிருந்தனான். எடுத்தன். பின்பக்கத்துக்குக் குழிக் கேக்கின்ர ஓரத்தில ஒரு துண்டு வெட்டிச் செருகி, சிவப்பு ஐசிங் குழைச்சு, இரத்தம் குடிக்கிற பேய் வாயை ஆவெண்டு திறந்துகொண்டிருக்கிற மாதிரி... அய்யோ, நீங்கள் பாத்திருக்கவேணும்! நாக்குக்கூட வைச்சன்.

யதுஷா கேக்குது, 'சாப்பிடேலாத கேக் என்னத்துக்கு அன்ரி?' பாக்கிறதுக்கு எண்டன். மூஞ்சையை நீட்டிக்கொண்டு, ரெண்டும் தங்கட குழிக் கேக்கைத் தூக்கிக்கொண்டு மூலையில போய்க் குந்திக்கொண்டுதுகள். போகட்டும் எண்டு விட்டன்.

இனித்தான் பல்லு. வறுத்த கச்சான் பருப்பைத் தோலுரிச்சு வைச்சுப் பாத்தன், எலிப் பல்லு மாதிரி. தேங்காயைச் சொட்டுச் சொட்டா வெட்டி வைச்சன், சரிஞ்சு நாக்கில விழுந்துது. அப்ப இந்த முஸ்அப் எட்டிப் பாத்து, 'நெசப் பல்லு மாதிரி இல்லயே அன்ரி' எண்டான். அந்தச் சொல்லு! அந்தச் சொல்லுதான் பிள்ளை எல்லாத்துக்கும் காரணம்! அவன் வாயை வைச்சுக்கொண்டு சும்மா இருந்திருந்தா நான் தேங்காய்ச் சொட்டோட போயிருப்பன்.

இவர் மத்தியானம் சாப்பிட்டு, பல்லைக் கழட்டித் தம்ளருக்குள்ள போட்டிட்டு நித்திரை. தேத்தண்ணி நேரம்தான் எழும்புவார். அதுக்கிடையில... ஓம், அதுக்கிடையில அந்தப் பிள்ளையள்...

பிள்ளையள் எங்க எடுத்தது? அதுகளை நான் படுக்கிற அறைக்குள்ள விடுவனே! நான்தான் எடுத்தனான். சரி, சொல்லிப்போட்டன். நான்தான். மெல்லப் போய், தண்ணியை வடிச்சு, துடைச்சு, ஐசிங்குக்குள்ள வைச்சு அமத்தினன். அம்மாளாச்சி அறிய, அப்பிடி ஒரு பேயை நீங்கள் கண்டிருக்கமாட்டியள்! எனக்கே பயம் வந்திட்டுது. ஸ்ட்ரக்சர்தானே, ஆர் வெட்டப்போகினம், அரை மணித்தியாலத்தில கொண்டந்து தம்ளருக்குள்ள போட்டா மனிசனுக்குத் தெரியவா போகுது எண்டு நினைச்சன். நீங்களெண்டாலும் அப்பிடித்தானே நினைப்பியள்? ...தலையை இப்பிடி ஆட்டினா ஓம் எண்டோ இல்லை எண்டோ?

கீழ நல்ல சனம். மெல்ரோய் கத்தியோட வந்து, 'எங்க அன்ரி வெட்டுறது?' எண்டு கேட்டது உண்மைதான். நான் பின்னால திருப்பி, செருகின துண்டைக் காட்டியிருக்கவேணும். ஆனா அந்தநேரம் பாத்து எல்லாரும் ஃபோனைத் தூக்கிப் படம் எடுக்கினம் பிள்ளை, கேக்கைத் திருப்பினா முகம் விழாதெல்லே! முன்னால வெட்டுற மாதிரி ஒரு படம் எடுப்பம் எண்டு, 'வெட்டுங்கோ தம்பி, பயப்பிடாம அமத்தி வெட்டுங்கோ' எண்டன். படத்துக்குத்தான் சொன்னனான்! அந்தத் தம்பி பாவம், பல்லுச் சீனியில செய்ததாக்கும் எண்டு நினைச்சு நடுவில வைச்சு ஒரே அமத்து. டக்! பேந்து ரெஜிபோமுக்குள்ள கத்தி போன சத்தம், கிறீச்செண்டு... எனக்கு உடம்பெல்லாம் கூசினது. சனம் கை தட்டுது. நான் சிரிச்சுக்கொண்டு நிக்கிறன். கடைசியில முதலாமிடம் எதுக்கெண்டு நினைக்கிறியள்? அந்தக் குழிக் கேக்குக்கு! குழிக்குள்ள சொக்லட் பிஸ்கட்டை நொறுக்கிப் போட்டு, மண்ணாம். அதுக்குள்ளயிருந்து பிஸ்கட்டில செய்த கையொண்டு எழும்பி வருது. புதைகுழியாம்! பிறத்தியார் பாத்தா அதுகள் வேணுமெண்டே குழி விழுத்தினது எண்டு நினைப்பினம். சனம் கரண்டியோட நிண்டு வழிச்சுச் சாப்பிட்டுது.

சரி, அது போகட்டும். இந்தாங்கோ, இந்த லேஞ்சியைப் பிடியுங்கோ. அவிழ்க்காதேங்கோ! உள்ளுக்க ரெண்டு துண்டும் கிடக்கு. ஐசிங் இன்னும் சரியாப் போகேல்லை. உள்ளுக்க போகேக்க இதை டொக்டரிட்ட குடுத்துவிடுங்கோ, என்ன? உங்கட தலையில ஒரு காகம் போட்டிட்டுப் பறந்ததெண்டு சொல்லுங்கோ... ஓ, உங்களுக்குக் கதைக்கேலாது. அதுதான் பிள்ளை நல்லது! உங்களைப் பாத்த உடன நினைச்சனான், இந்தப் பிள்ளைதான் சரி எண்டு. பின்னேரம் ஒட்டின பல்லு வரும், சனிக்கிழமை மனிசன் மைக் பிடிப்பார், ஆருக்கும் ஒரு...

ஏன் பிள்ளை கண்ணை உருட்டுறியள்? நோகுதோ? நேர்ஸ் மிஸ்ஸைக் கூப்பிடவோ? என்ன, பின்னால... பின்னால என்ன?

...அய்யோ.

இஞ்சேருங்கோ. எப்ப வந்தனியள்? அளவெடுத்து முடிஞ்சுதோ? எவ்வளவு நேரமா நிக்கிறியள்? ...கச்சான் பருப்பிலயிருந்தோ!

இருங்கோ. இப்பிடி இருங்கோ. நானே சொல்லுறன். பிள்ளையளில பிழையில்லை, காகத்தில பிழையில்லை, அந்த மெல்ரோயிலையும் இல்லை. நாலு சனம் என்ர கேக்கை வடிவெண்டு சொல்லவேணும் எண்ட ஆசையில நான்தான் இப்பிடிச் செய்துபோட்டன். நீங்கள் கோப்பையைத் தூக்கிக்கொண்டு அறைக்குள்ள போகேக்க எனக்கு ஒரு வாய் சோறும் இறங்கேல்லையப்பா. சொல்லுவம் எண்டு ஒவ்வொருநாளும் வாயெடுப்பன், உங்கட முகத்தைக் கண்டாப் பயம். ஏசுங்கோ. இந்தச் சனத்துக்கு முன்னாலேயே ஏசுங்கோ, நான் வாய் திறக்கமாட்டன்.

என்ன? விளங்கேல்லை. கையை எடுத்துப்போட்டுச் சொல்லுங்கோ... எத்தினையாம் இடமோ? எங்கட கேக்குக்கோ? அதேன் இப்ப... மூண்டாமிடம். ஓம், மூண்டாமிடம் குடுத்தவை.

மொத்தம் எத்தினை கேக் வந்ததோ? ...மூண்டு.

இஞ்ச! சிரிக்கிறியளோ? அப்பா, மெல்ல... மிஸ் பாக்கிறா. உள்ளுக்கயிருந்து டொக்டரும் எட்டிப் பாக்கிறார். வாய் முழுக்கத் தெரியுதப்பா! ...சிரியுங்கோ. சிரியுங்கோ, சிரியுங்கோ. எத்தினை நாளாச்சு. பிள்ளை, நீங்கள் சிரிக்காதேங்கோ, கன்னம் வெடிக்கப்போகுது! போங்கோ, உங்களைத்தான் கூப்பிடுகினம். அந்தப் பொட்டலத்தைக் குடுங்கோ, இனி ஒளிப்பில்லை. டொக்டர், காகம் இல்லை, இந்தாங்கோ துண்டு!

என்னப்பா முணுமுணுக்கிறியள்? ...சனிக்கிழமையோ? தலைமையுரையை இதைச் சொல்லித்தான் துவங்கப்போறியளோ! மைக்கிலையோ! வேண்டாமப்பா, உங்களைக் கும்பிட்டன், ஊரெல்லாம் வந்திருக்கும்... பேரன்புக்குரிய பெரியோர்களுக்கு என்ர கேக்கைப் பற்றி என்னத்துக்கு?

...சரி. சொல்லுங்கோ. எனக்கு நல்லா வேணும். நான் முன்வரிசையில இருந்து கேக்கிறன். ஆனா ஒண்டு, மூண்டாமிடம் எண்டதோட நிப்பாட்டுங்கோ. மூண்டு கேக்தான் வந்ததெண்டு மட்டும் சொல்லிப்போடாதேங்கோ!