பதினொன்றரை மணி அழைப்பு

நான் மதியச் சாப்பாட்டை நேரம் தவறிச் சாப்பிடுவதில்லை. சர்க்கரை எல்லைக்கோட்டில் நிற்கிறது, பதினொன்றரைக்கெல்லாம் தட்டு முன்னால் இருக்க வேண்டும் என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லியிருக்கிறார். முட்டை சாண்ட்விச், ஒரு ஆப்பிள், சர்க்கரை இல்லாத காபி. ஆறு வருடமாக இதுதான்.

நீங்கள் இருவரும் தலைமை அலுவலகத்திலிருந்து விமானம் ஏறி, இந்தப் பனியில் அயோவாவின் இந்த மூலைக்கு வந்திருக்கிறீர்கள். அதனால் சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன். பதிவுக்காகப் பெயர் கேட்டீர்கள்: மார்லீன் ஆஸ்டர்ஹாஸ்.

ஃபெடரல் வழக்கில் ஒருவரைக் கைது செய்தால், நீதிபதி முன் நிறுத்துவதற்கு முன்னால் என்னிடம்தான் அழைத்து வருவார்கள். குற்றத்தைப் பற்றி நான் ஒரு கேள்வியும் கேட்கக் கூடாது, அது சட்டம். எங்கே குடியிருக்கிறாய், என்ன வேலை, உடம்புக்கு ஏதாவது உண்டா, வெளியே விட்டால் உனக்கு யார் பொறுப்பேற்பார் என்று மட்டும் கேட்பேன். பிறகு அவன் சொன்ன ஆளைத் தொலைபேசியில் அழைத்துச் சரிபார்த்து, ஜாமீனில் விடலாமா கூடாதா என்று அறிக்கை எழுதித் தருவேன். நீதிபதி டிரிஸ்கல் அநேகமாக நான் எழுதியபடியே செய்வார்.

பதினொரு வருடத்துக்கு முன்னால் ராண்டி ப்ரூயட் என்பவனை விடலாம் என்று எழுதினேன். விசாரணை நாளில் அவன் வரவில்லை. நீதிபதி மூக்குக் கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்து, "என்ன மார்லீன், உங்க ஆளு மீன் புடிக்கப் போயிட்டாரா?" என்றார். இரு தரப்பு வழக்கறிஞர்களும் சிரித்தார்கள். கால்விலங்கோடு வரிசையாக உட்கார்ந்திருந்த கைதிகளும் சிரித்தார்கள். ராண்டி நான்காம் நாள் மனைவியின் அம்மா வீட்டில் அகப்பட்டான். அதை யாரும் நினைவில் வைத்திருக்கவில்லை. அந்தச் சிரிப்பை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் காது சுடுகிறது.

அதற்குப் பிறகு நான் விடச் சொன்ன ஒருவர்கூட விசாரணைக்கு வராமல் இருந்ததில்லை. பத்தாவது வருடம் அலுவலகத்தில் கேக் வெட்டினார்கள். அதன்மேல் நீல க்ரீமில் பெரிய பூஜ்யம் ஒன்று போட்டிருந்தார்கள். என் மேசையில் அந்தப் படம் இருக்கிறது, பார்த்திருப்பீர்கள்.

இது எப்படிச் சாத்தியமாகிறது என்று யாரும் கேட்டதில்லை. இந்த ஊரில் பாதிப் பேர் பன்றி இறைச்சி ஆலையில் வேலை செய்கிறார்கள். காலை ஆறு மணிக்கு உள்ளே போகும்போது கைபேசியை லாக்கரில் வைத்துப் பூட்டிவிட வேண்டும். பதினொன்றரைக்குச் சாப்பாட்டு மணி அடித்தால்தான் அதைத் தொட முடியும். நான் ஒன்பதரைக்கு அழைப்பேன், மூன்று முறை. யாரும் எடுக்காவிட்டால், 'பொறுப்பேற்பவரைத் தொடர்புகொள்ள இயலவில்லை' என்று எழுதுவேன். அதில் ஒரு வார்த்தை பொய் கிடையாது. வங்கி மேலாளரின் மச்சான் கைதானபோதும் ஒன்பதரைக்குத்தான் அழைத்தேன். மேலாளர் முதல் மணியிலேயே எடுத்துவிட்டார். நான் ஆள் பார்த்துச் செய்கிறவள் இல்லை.

டெல்பர்ட் க்ரூல் பிப்ரவரியில் வந்தான். இருபத்தாறு வயது. தபாலில் வந்த பார்சல்களைத் திருடியதாக வழக்கு. கைவிலங்கோடு உள்ளே நுழைந்தவன், "மன்னிச்சிருங்க மேடம், லிஃப்ட் நின்னுபோச்சு, ரெண்டு நிமிஷம் லேட்டாயிடுச்சு" என்றான்.

பொறுப்பேற்க யார் இருக்கிறார்கள் என்று கேட்டேன்.

"அக்கா ரெனே இருக்கா மேடம். அவ வீட்லதான் நானும் இருக்கேன். காலைல மட்டும் கூப்டாதீங்க, ஆலைல இருப்பா. பதினொன்றரைக்குக் கூப்டுங்க, டக்குனு எடுத்துருவா."

"உடம்புக்கு ஏதாவது?"

"சர்க்கர, சின்ன வயசுலேருந்தே. இன்சுலின் இல்லாம ஒரு நாள் தாங்காது. அத மட்டும் மறக்காம எழுதிக்குங்க மேடம்."

எழுதிக்கொண்டேன். அறிக்கையின் நான்காம் பக்கத்தில் தெளிவாக இருக்கிறது. ஒன்பதரைக்கு ரெனேவை மூன்று முறை அழைத்தேன். ஜாமீன் விசாரணை ஒன்றரை மணிக்கு நடந்தது. அரசு அமர்த்திக் கொடுத்த வழக்கறிஞர் அன்று காலையில்தான் வழக்கையே கையில் வாங்கியிருந்தார். அவரும் என் அறிக்கையை நம்பினார், நல்ல மனிதர். பொறுப்பேற்க ஆளில்லை, உள்ளேயே இருக்கட்டும் என்று நீதிபதி சொன்னார். டெல்பர்ட் என் பக்கம் திரும்பி, "மேடம், பதினொன்றரைக்குக் கூப்ட்டீங்கள்ல?" என்று கேட்டான். நீதிமன்றத்துக்குள் கைதிகளோடு பேசுவது முறையில்லை.

எங்கள் கைதிகளை மாவட்டச் சிறையில்தான் வைக்கிறார்கள். அங்கே நர்ஸ் வாரத்துக்கு மூன்று நாள்தான் வருவார், மற்ற நாட்களில் காவலருக்கு நினைவிருந்தால்தான் இன்சுலின். பத்தொன்பதாம் நாள் டெல்பர்ட் செத்துப்போனான்.

அடுத்த வாரம் ரெனே என் அறைக்கு வந்தாள். ஆலையின் வெள்ளை பூட்ஸைக்கூடக் கழற்றாமல் வந்திருந்தாள்.

"ஏம்மா, மிஸ்டு கால் பாத்ததும் ஒனக்குக் கூப்ட்டேனே? அஞ்சு தடவ கூப்ட்டேன். சோறு தண்ணி இல்லாம லாக்கர் ரூம்லயே நின்னு கூப்ட்டேன். ஒத்த தடவ எடுத்திருந்தா எந்தம்பி இப்ப என் வீட்டு சோபால கால நீட்டிப் படுத்திருப்பான். அப்ப எங்கதாம்மா போய்த் தொலஞ்ச?"

உட்காரச் சொல்லித் தண்ணீர் கொடுத்தேன். அவள் குடிக்கவில்லை.

நான் எங்கும் போகவில்லை. இந்த மேசையில்தான் இருந்தேன். தொலைபேசி என் சாண்ட்விச்சுக்குப் பக்கத்தில் இருந்தது. ஐந்து முறையும் அவள் எண்தான் என்று தெரிந்தது. எடுத்திருந்தால் அவள் பொறுப்பேற்கத் தயார் என்று எழுத வேண்டியிருந்திருக்கும். எழுதினால் அவனை விட்டுவிடுவார்கள், அவன் என் ஆளாகிவிடுவான். மணி அடிக்கும்போது மெல்லுவது எனக்குப் பிடிக்காது. அதனால் ஒவ்வொரு முறையும் அது ஓயும்வரை காத்திருந்து அடுத்த வாய் சாப்பிட்டேன். அவள் பேசிப் பதிந்துவைத்த தகவல்களை வழக்கம்போல் மாலையில் கேட்டு, அழித்தேன்.

நீங்கள் கொண்டுவந்திருக்கும் முப்பத்து நான்கு கோப்புகளும் இதே வகைதான். ஒன்றிரண்டு விட்டுப்போயிருக்கின்றன, குறித்துத் தருகிறேன்.

விசாரணைக்கு வராதவர்கள் பட்டியலில் டெல்பர்ட்டைச் சேர்க்க வேண்டுமா என்று அவன் செத்த அன்றே உங்கள் அலுவலகத்துக்கு எழுதிக் கேட்டேன். வெளியே விட்டவர்கள் மட்டும்தான் அதில் வருவார்கள், இவன் வரமாட்டான் என்று பதில் வந்தது. அந்தக் கடிதமும் கோப்பில் இருக்கிறது.

டெல்பர்ட்டைப் பார்த்தபோது எனக்கு என்ன தோன்றியது என்று முதலிலேயே கேட்டீர்கள். விட்டிருந்தால் ஒரு தேதிகூடத் தவறாமல் வந்திருப்பான். கைவிலங்கோடு இரண்டு நிமிடத் தாமதத்துக்கு மன்னிப்புக் கேட்டவன் அவன். எனக்கு ஆட்களை எடைபோடத் தெரியும். இருந்தாலும் யாரையும் அவ்வளவு உறுதியாகச் சொல்லிவிட முடியாதே, அதற்காகத்தானே என்னைப் போல ஜாக்கிரதையான ஒருத்தியை இந்த நாற்காலியில் உட்கார வைத்திருக்கிறார்கள்.