கேட்காமல் மூட்டிய தீ

காரைக்காலில் பிரெஞ்சுக்காரன் கொடி பறந்த காலம் அது. கப்பலேறிப் போனால் ஐந்து வருஷம் கரும்பு வெட்டு, திரும்பி வந்தால் ஆயுசுக்கும் சோறு என்று தெருத்தெருவாகச் சொல்லி ஆள் பிடித்த காலம். அந்தக் காலத்திலே, திருமலைராயன்பட்டினம் என்கிற நம்முடைய இதே ஊரிலே, தையல்நாயகி என்று ஒருத்தி இருந்தாளாம். புருஷனை வாந்திபேதி கொண்டுபோய்விட்டது. கையில் மூன்று வயதுப் பெண் குழந்தை, பெயர் குஞ்சம்மாள். கூடப் பிறந்தவன் ஒரே அண்ணன், பெயர் காத்தவராயன்.

அண்ணன் சொன்னானாம்: "தங்கச்சி, இங்க இருந்தா மூணு பேரும் சாவோம். நீயும் நானும் போவோம். புள்ளைய உன் மாமியார்கிட்ட விடு. கப்பல்ல சின்னப் புள்ளைங்க தங்காது."

அவள் யோசித்தாள். மூன்று நாள் யோசித்தாள் என்பார்கள். நான்காம் நாள் துறையில் நின்று குழந்தையை மாமியார் கையில் கொடுத்தாள். காத்தவராயன் குழந்தையின் தலையில் கை வைத்தான். "அஞ்சு வருஷம்டி கண்ணு. உங்கம்மாள நானே கூட்டியாந்து இதே மணல்ல எறக்குவேன்" என்றான். தலையில் கை வைத்துச் சொன்னான். கதை முழுவதும் இந்தக் கை வரும், மறந்துவிடாதீர்கள்.

கப்பல் மூன்று மாதம் ஓடியதாம். மார்த்தினிக் என்கிற தீவில் இறக்கிவிட்டார்கள். மலைச்சரிவிலே ஒரு கரும்புத் தோட்டம். மேலே கூலிக்காரர் குடிசைகள், நடுவிலே கரும்பு, கீழே துறைமுகம். குடிசை வாசலில் நின்றால் கப்பல் வருவதும் போவதும் தெரியும். நம் ஆட்கள் நாற்பத்திரண்டு பேர். தோட்டத்து முதலாளியை முசே என்பார்கள். காத்தவராயன் வாய் சாமர்த்தியம் உள்ளவன், இரண்டே வருஷத்தில் கங்காணி ஆகிவிட்டான்.

தையல்நாயகி கரும்பு வெட்டினாள். வெட்டாத நேரத்தில் ஒரு பாவாடை தைத்தாள். சிவப்புத் துணி. முதல் வருஷம் நான்கு வயதுக்கு அளவு வைத்துத் தைத்தாள். அடுத்த வருஷம் பிரித்து ஐந்து வயதுக்குத் தைத்தாள். அதற்கடுத்த வருஷம் மறுபடி பிரித்தாள். கூட இருந்த பெண்கள் கேலி செய்வார்களாம்.

"ஏண்டி, உன் மக பனமரமா, இப்படி வளர்றா?"

"என் மாமியார் கை சோறு அப்படி" என்பாளாம்.

ஐந்தாம் வருஷம் வந்தது. எட்டு வயது அளவுக்குப் பாவாடையை முடித்துப் பெட்டியில் வைத்தாள். ஒப்பந்தம் முடிந்தது, கப்பல் வர வேண்டியதுதான் பாக்கி. ஆனால் கரும்பு வெட்டோ பாதிதான் முடிந்திருந்தது. நாற்பத்திரண்டு பேரும் இறங்கிப் போனால் மீதிக் கரும்பு வயலிலேயே காய்ந்து போகும். முசே காத்தவராயனைத் தனியே கூப்பிட்டானாம்.

"ஒருவரும் இறங்காமல் இந்த வெட்டை முடித்துக் கொடு. ஆற்றோரத்து எட்டுக் காணி உனக்கு. ரம் காய்ச்சி வடிக்கிற பழைய செப்புப் பாண்டம், அந்த வாலையும் உனக்கு."

காத்தவராயன் என்ன பதில் சொன்னான் என்று யாருக்கும் தெரியாது. என்ன செய்தான் என்பது தெரியும்.

ஒரு செவ்வாய்க்கிழமை, வழக்கமாக மீன் கூடையோடு மேலே ஏறி வரும் மதலேன் என்ற தீவுக்காரி வரவில்லை. அவளுக்குப் பதிலாகக் கூடையைச் சுமந்துகொண்டு கங்காணியே வந்தான். குடிசைக்குக் குடிசை மீன் கொடுத்தான்.

"என்ன கங்காணி, பொண்ணு பாத்தாச்சா?" என்று ஒருவன் கேட்டானாம்.

"தின்னுடா. கேள்வி கேட்டா முள்ளு குத்தும்" என்றானாம்.

எல்லோரும் சிரித்தார்கள். எல்லோரும் தின்றார்கள். மகராசன் என்று வாழ்த்தினார்கள்.

சனிக்கிழமை காலை எல்லோரையும் வயலோரம் கூட்டினான். "கரும்புக்குள்ள பாம்பு ஏறிக் கெடக்கு. போன வாரம் பக்கத்துத் தோட்டத்துல ஒருத்தன் செத்தான். கொளுத்திட்டு வெட்டுவோம்" என்றான். அந்தத் தீவுப் பாம்பு பொல்லாதது, ஆகையால் ஒருவரும் மறுக்கவில்லை. கொளுத்திய கரும்பு காத்திராது. இரண்டு நாளைக்குள் வெட்டி ஆலையில் கொடுக்காவிட்டால் சாறு கெட்டுப்போகும். அதனால் ஒருவரும் அரிவாளைக் கீழே வைக்கவும் முடியாது. கீழ்த்திசைக் காற்று, புகையை நேராகத் துறைமுகத்தின் மேல் தள்ளும். அத்தனையும் கணக்குப் போட்டு வைத்திருந்தான்.

பந்தத்தை ஏற்றித் தங்கையிடம் நீட்டினான். "நல்ல காரியம், உன் கையால மூட்டு, தங்கச்சி."

அவள் ஏன் என்று கேட்கவில்லை. அண்ணன் கொடுத்தான், வாங்கினாள். ஏழு துண்டு வயல். ஒன்று அணையும் நேரத்தில் அடுத்தது, அது அணையும் நேரத்தில் அதற்கடுத்தது. ஏழையும் அவளே மூட்டினாள். புகை எழும்பிக் கடலை மறைத்தது. காலையில் கடல் இல்லை. மத்தியானம் கடல் இல்லை. பொழுது சாயும்போதும் கடல் இல்லை. நாற்பத்திரண்டு பேரும் முகமெல்லாம் கரியாக வெட்டினார்கள்.

மறுநாள் காற்று புகையைக் கொண்டுபோயிற்று. கடல் தெரிந்தது, வெறுமையாக. அப்போது மதலேன் மேலே ஏறி வந்தாள். தையல்நாயகியைப் பார்த்ததும் கூடையை இறக்கி வைத்துவிட்டாளாம்.

"நீ ஏன் இன்னும் இங்கே நிற்கிறாய்?"

"எங்க போகணும்?"

"நேற்று உங்கள் கப்பல் வந்ததே. துறையில் நின்று ஒவ்வொரு பெயராக மூன்று தரம் கூப்பிட்டார்கள். உன் பெயரையும் கூப்பிட்டார்கள். ஒருவரும் வரவில்லை என்று சாயங்காலம் பாயை விரித்துவிட்டார்கள்."

மதலேனே மேலும் சொன்னாள். "சனிக்கிழமை கப்பல் என்று செவ்வாய்க்கிழமையே தண்டோரா போட்டார்கள். உனக்குச் சொல்லத்தான் ஓடி வந்தேன். உன் அண்ணன் பாதி வழியில் மறித்துக் கூடையோடு மீனை வாங்கிக்கொண்டான். 'நானே சொல்லிவிடுகிறேன், நீ ஏறாதே, வெயில்' என்றான். நல்ல மனுஷன் என்று நினைத்துக்கொண்டு திரும்பினேன்."

நாற்பத்திரண்டு பேருக்கும் தின்ற மீன் நினைவுக்கு வந்தது என்பார்கள்.

தையல்நாயகி ஆலைக்குப் போனாள். அவன் சாற்றுத் தொட்டியருகே நின்றான். அதுவரைக்கும் அவனை அண்ணே என்றுதான் கூப்பிடுவாள். அன்றைக்குக் கூப்பிட்டதைக் கேளுங்கள்.

"கங்காணி, மீன் எதுக்கு வாங்குனீங்க?"

அவன் தலையைத் தூக்கவில்லை. "எட்டுக் காணி, தங்கச்சி. நம்ம சொந்த நெலம். அடுத்த கப்பல் வராமயா போயிடும்? புள்ளைய இங்கயே வரவழைச்சுக்கலாம்."

"பந்தத்தை வேற யார் கையிலயாச்சும் குடுத்திருக்கலாம்ல?"

அவன் திரும்பிச் சாற்றுத் தொட்டியைக் கலக்கத் தொடங்கினான்.

ஆட்கள் அரிவாளைத் தூக்கிக்கொண்டு வந்தார்களாம். அவள்தான் தடுத்தாள். அவனை வெட்டினால் கப்பல் திரும்பாது என்றாள்.

வெட்டு முடிந்தது. முசே வாக்குத் தவறவில்லை, எட்டுக் காணியும் செப்பு வாலையும் வந்து சேர்ந்தன. காத்தவராயன் பங்குக்கு வந்த சாறு தொட்டியில் புளித்து நுரைத்து நின்றது. புளித்த சாற்றை வேளையோடு வடிக்காவிட்டால் காடியாகிவிடும். வாலைக்கு அடுப்பு மூட்ட வேண்டும். காத்தவராயன் விறகு கொண்டுவரச் சொன்னான். ஒருவரும் அசையவில்லை. எல்லோரும் தையல்நாயகியைப் பார்த்தார்கள்.

அவள் சொன்னாளாம்: "விறகு வரும், கங்காணி. தீயும் வரும். அதுக்கு முன்னால நான் மேட்டுல ஏறிக் கடலைப் பாத்துட்டு வரணும். நான் வந்ததும், இத்தனை பேருக்கும் முன்னால நீங்க என்னைக் கேக்கணும். கடலைப் பாத்தியா, கப்பல் உண்டா, ரெண்டையும் கேக்கணும். நம்ம ஊருக்குப் போற கப்பல் இல்லேன்னு நான் சொன்னாத்தான் தீ. தெனமும் கேக்கணும்."

போனாள். உச்சிப்பொழுது வரைக்கும் மேட்டில் உட்கார்ந்தாள். தொட்டியில் நுரை அடங்கத் தொடங்கியது. அவன் வாசலிலேயே நின்றான். அவள் இறங்கி வந்தாள்.

"கடலைப் பாத்தியா, தங்கச்சி?"

"பாத்தேன், கங்காணி."

"கப்பல் உண்டா?"

"இல்லை."

விறகு வந்தது. தீ மூட்டினார்கள். வடிந்த ரம்மிலே கரிந்த கரும்பின் புகை மணம் இருந்ததாம். அதைத் தீவுக்காரர்கள் விரும்பி வாங்கினார்களாம். காத்தவராயன் பெரிய ஆளானான். கல்யாணம் செய்தான், பிள்ளைகள் பெற்றான், ஒரு வாலை நான்கு வாலையானது. எத்தனை பெரிய ஆளானாலும் தினமும் காலையில் வாசலில் நின்று தங்கையைக் கேட்டான். தினமும் அவள் இல்லை என்றாள்.

ஊர்க் கப்பல் ஒன்றும் வராமலே பதினோரு வருஷம் போயிற்று. ஒரு நாள் அவள் மேட்டிலிருந்து விரைவாக இறங்கி வந்தாள்.

"கடலைப் பாத்தியா, தங்கச்சி?"

"பாத்தேன், கங்காணி."

"கப்பல் உண்டா?"

"உண்டு."

அன்று தீ மூட்டவில்லை. காத்தவராயன் தானே உள்ளே போய் அவள் பெட்டியை எடுத்துத் தலையில் வைத்துக்கொண்டான். அத்தனை பெரிய முதலாளி, துறைவரைக்கும் பெட்டி சுமந்தான். ஊரே பார்த்தது. துறை வாசலில் பெட்டியை இறக்கி வைத்தான், அவள் முகத்தைப் பாராமல் திரும்பி நடந்தான்.

கப்பல் உத்தியோகஸ்தன் பழைய பதிவேட்டைப் புரட்டினான். புதுச்சேரிக்காரர் ஒருவர் பக்கத்தில் நின்று தமிழில் சொன்னார்: "உன் பேர் இருக்கு, அம்மா. ஆனா அடிச்சிருக்கு. அன்னிக்குக் கூப்பிட்டும் ஒருத்தரும் வரலைன்னதும், நாப்பத்திரண்டு பேரும் இங்கேயே தங்கச் சம்மதம்னு எழுதிக் கீழே கையெழுத்தும் இருக்கு. அப்படி எழுதிக் குடுத்தவங்களுக்குத் திரும்பக் கப்பல் கிடையாது."

"யார் கையெழுத்து?"

"தமிழ்லதான் போட்டிருக்கு. காத்தவராயன்."

ஆக, புகை ஒரு நாளைக்குத்தான். கையெழுத்து எந்நாளைக்கும். குழந்தையின் தலையில் வைத்த அதே கை. பதினோரு வருஷம் கப்பல் உண்டா என்று கேட்டவனுக்கு, வந்தாலும் அவளை ஏற்றாது என்பது தெரியும். பெட்டியைச் சுமந்தபோதும் தெரியும்.

கப்பலேறக் காத்திருந்த வரிசையில் வேறு தோட்டத்துக்காரி ஒருத்தி நின்றாள், பெயர் உண்ணாமலை. காரைக்காலுக்குத் திரும்புகிறவள். தையல்நாயகி பெட்டியைத் திறந்து சிவப்புப் பாவாடையை எடுத்து அவளிடம் கொடுத்தாள். "பட்டினத்துல குஞ்சம்மாள்னு கேளு. மாமன் ஏமாத்திட்டான்னு மட்டும் சொல்லிட்டுப் போயிடாத. தீ மூட்டுனது உங்கம்மான்னு சொல்லு. கேக்காம மூட்டுனான்னு சொல்லு. அவளாச்சும் கேட்டுட்டு மூட்டட்டும்."

பிறகு வெறும் பெட்டியோடு மேலே ஏறினாள். வாசலில் அவன் நின்றான். அன்றைய கேள்வி முடிந்துவிட்டது. அவளே சொன்னாள்.

"கப்பல் உண்டு, கங்காணி. எனக்கு இல்லை. பெட்டிய எதுக்குச் சுமந்தீங்க?"

அதன்பின் சாகும்வரைக்கும் அவனுடன் பேசியது காலையில் அந்த இரண்டு பதில் மட்டும்தான் என்பார்கள்.

உண்ணாமலை சொன்ன சொல் தவறாமல் இந்தத் தெருவுக்கு வந்து, வாலை வாசலில் தினமும் கேட்கும் கேள்வி வரைக்கும் எல்லாவற்றையும் சொன்னாள். எட்டு வயதுக்குத் தைத்த பாவாடையை வாங்கியபோது குஞ்சம்மாளுக்குப் பத்தொன்பது வயது, இடுப்பில் பிள்ளை. அவள் அழுதாளா என்று கேட்காதீர்கள், அதை யாரும் சொல்லி வைக்கவில்லை. அடுத்த பொங்கலன்று புது அடுப்புக்கு முன் நின்று, தன் மாமியாரைப் பார்த்து, "கடலைப் பாத்தீங்களா? கப்பல் உண்டா?" என்று கேட்டாள் என்பதைத்தான் சொல்லி வைத்திருக்கிறார்கள். இல்லை என்ற பிறகே மூட்டினாள். அவள் வழி வந்த இந்த வீட்டில் இன்றும் அப்படித்தான்.

அக்கரையில் இப்போது எப்படி என்பது ஆறு வருஷத்துக்கு முன்புதான் தெரிந்தது. அந்த வாலைகளிலிருந்து வளர்ந்த ரம் கம்பெனிக் குடும்பத்திலிருந்து ழான் காத்தவராயன் என்று ஒருவர், பாட்டனார் ஊரைப் பார்க்க வேண்டும் என்று தேடிக்கொண்டு வந்தார். தமிழ் ஒரு சொல் தெரியாது. ஒரு புட்டி கொண்டுவந்திருந்தார். அதன்மேல் மலை, மலைமேல் புகை, கீழே காத்தவராயன் பெயர். புகை மணம் எங்கள் மூதாதை கண்டுபிடித்தது என்று பெருமையாகச் சொன்னார். தங்கையின் பெயர் புட்டியில் இல்லை. அவருக்கும் தெரியவில்லை.

மறுநாள் பொங்கல். பானை ஏற்றியாயிற்று. என் மருமகள் தீப்பெட்டியை எடுத்துக்கொண்டு, வழக்கப்படி வாசல் பக்கம் திரும்பிக் கேட்டாள்: "கடலைப் பாத்தீங்களா?"

வீட்டார் வாய் திறப்பதற்குள் அந்த மனிதர் எழுந்து நின்று, தெளிவான தமிழில், "பாத்தேன், கங்காணி" என்றார்.

மருமகள் மெதுவாகக் கேட்டாள்: "கப்பல் உண்டா?"

"இல்லை."

அர்த்தம் தெரியுமா என்று பிரெஞ்சில் கேட்டோம். தெரியாது என்றார். தினமும் வாலைக்குத் தீ வைக்குமுன் குடும்பத்துப் பெண் ஒருத்தி மேட்டில் ஏறி இறங்கி இப்படிச் சொன்னால்தான் ஆட்கள் விறகைத் தொடுவார்கள், நூறு வருஷத்துக்கும் மேலாக அப்படித்தான் என்றார். ஏதோ மந்திரம் என்று நினைத்துக்கொண்டிருந்தாராம்.

உட்காரவைத்துக் கதையைச் சொன்னோம். முழுவதும் கேட்டார். பிறகு, அடுப்பைத் தான் மூட்டலாமா என்று கையை நீட்டினார். நல்ல மனிதர்தான், மரியாதையாகத்தான் கேட்டார். இலை போட்டு உட்காரவைத்து, முதல் பொங்கலை அவருக்குத்தான் பரிமாறினோம்.

தீப்பெட்டியை மட்டும் கொடுக்கவில்லை.