பத்தாவது ஆள்

ஞாயிற்றுக்கிழமை காலை, மண்ணரையிலிருந்து வந்த டவுன் பஸ்ஸில் என் முன் சீட்டில் இரண்டு பெண் டைலர்கள் பேசிக்கொண்டு வந்தார்கள். மூத்தவருக்கு நாற்பது வயதிருக்கும். கையில் ஹால் டிக்கெட் வைத்திருந்தார்.

"நான் ஆள் கணக்குக்குத்தானுங்க காலேஜுல சேந்தேன்," என்றார் அவர்.

"அதென்னங்கக்கா ஆள் கணக்கு?"

"எங்க கம்பெனியில தெச்ச துணிய செக்கிங் பாக்குற புள்ளை ஒண்ணு ஞாயித்துக்கெழமை டிகிரி கிளாஸுக்குப் பேர் குடுத்திருந்துச்சு. பத்துப் பேர் வேணும்னாங்க, ஒம்பது பேர்தான் சேந்தாங்க. அதனால கிளாஸே நடக்காதுன்னுட்டாங்க. சாப்பாட்டு நேரத்துல அழுதுட்டே உக்காந்திருந்துச்சு. நானும் அந்தக் காலத்துல ப்ளஸ் டூ பாஸுங்க. சரி, எம்பேரையும் எழுது கண்ணு, கிளாஸ் ஆரம்பிச்சதும் நின்னுக்கறேன்னு சொன்னேன்."

"அப்புறம் நிக்கலீங்களா?"

"மொத நாளே புடிச்சுப் போச்சுங்க. மூணு வருஷம் ஓடிப்போச்சு. இன்னைக்குக் கடைசிப் பரீட்சை."

"அந்தப் புள்ளைக்கு எத்தனை பெரிய ஒத்தாசை பண்ணியிருக்கறீங்க!"

"நானுங்களா? அது அன்னைக்கு ஊட்டுல போயி அழுதிருந்தா, இந்நேரம் நான் துணி தொவைச்சுட்டு இருந்திருப்பேன். ஒத்தாசை அதுதானுங்க எனக்குப் பண்ணுச்சு."