இறங்குமுன் குளிக்கவும்

நீச்சல் குளத்துப் பக்கம் போனால் மூக்கில் ஏறுகிற நெடியை எல்லோரும் மருந்தின் நெடி என்று நினைக்கிறார்கள். அது தவறு. குளோரின் அளவோடு இருந்தால் வாசனை தெரியவே தெரியாது. மனிதர்களின் வியர்வையும் சிறுநீரும் அதில் கலந்த பிறகுதான் அந்த நெடி கிளம்புகிறது. நெடி தூக்கலாக இருக்கும் குளத்தைச் சுத்தமான குளம் என்று நம்பி நீங்களும் பிள்ளைகளை இறக்கியிருப்பீர்கள்.

என் குளத்தில் நெடி இருந்ததில்லை. இதை முதலில் சொல்லிவிடுகிறேன், இன்ஸ்பெக்டர் ஐயா. மற்றதையும் சொல்கிறேன். என் மனைவி மூழ்கும்போது சத்தம் கேட்கவில்லையா என்று காலையிலிருந்து கேட்டுக்கொண்டிருக்கிறீர்கள். நான் பேசாமல் இருந்தது மறைப்பதற்காக அல்ல. எங்கிருந்து தொடங்குவது என்று தெரியவில்லை.

அவளுடைய காலிலிருந்து தொடங்கலாம்.

ஸ்கூட்டரிலிருந்து விழுந்து இடது கால் முறிந்து, வெகுநாள் மாவுக்கட்டோடு கிடந்தாள். கட்டைப் பிரித்தபோது நான் பக்கத்தில் நின்றேன். உள்ளே இருந்தது அவளுடைய காலாகத் தெரியவில்லை. சூம்பிப்போய், சாம்பல் பூத்து, செதில் செதிலாகத் தோல் உரிந்துகொண்டிருந்தது. ரோமங்கள் வளர்ந்து ஈரத்தில் ஒட்டிக் கிடந்தன. நாள்பட ஊறிய துணியின் நாற்றம். டாக்டர் அதைக் குழந்தையை ஏந்துவதுபோல ஏந்திக்கொண்டு, தண்ணீருக்குள் தினமும் நடக்கட்டும், உடம்புப் பாரம் தெரியாது, கோடை முடிவதற்குள் பழைய கால் வந்துவிடும் என்றார். நான் தலையாட்டினேன். வெளியே போய் வாந்தி எடுத்தேன். அவளிடம் வெயில் ஒத்துக்கொள்ளவில்லை என்றேன். பாவம், கைப்பையிலிருந்து தண்ணீர் பாட்டிலை எடுத்துக் கொடுத்தாள். அவள் வாய் வைத்த பாட்டில். குடித்ததுபோலப் பாவனை செய்தேன்.

பொதுக் குளத்துக்கு அவளை அனுப்ப மனம் வரவில்லை. ஊரே ஊறிய தண்ணீர். அதனால் வீட்டுக்குப் பின்னால் காலியாகக் கிடந்த இடத்தில் சொந்தமாகக் கட்டத் தீர்மானித்தேன். கட்டினால் இப்படி ஒருத்தனைக் கட்டிக்கொள்ள வேண்டும் என்று தெருப் பெண்கள் பேசிக்கொள்வதாக அவள் பெருமையோடு சொன்னாள்.

குளம் கட்டிய மேஸ்திரி வாயாடி. "தங்கச்சி நடக்குறதுக்குத்தானே சார்? மார்பளவு போதும். தரைய சமமா போட்டுடுவோம்" என்றார். நான் ஒரு பக்கம் சரிவு வேண்டும் என்றேன். சரிவு இருந்தால்தான் அழுக்கு தானாக உருண்டு ஒரே இடத்துக்கு வரும். அங்கே தரையில் வடிகால் வைத்தால் மோட்டார் இழுத்துக்கொள்ளும்.

"நாம ஆளுக்குக் கட்டுறோமா, அழுக்குக்குக் கட்டுறோமா?" என்று சிரித்தார் மேஸ்திரி. நானும் சிரித்தேன். சரிவு போட்டார். கடைசி முனையில் தண்ணீர் என் தலைக்கு மேல் நின்றது. ஒரு ஷவரும் வைக்கச் சொன்னேன். சோப்புப் போட்டுக் குளிக்காமல் யாரும் குளத்தில் இறங்கக் கூடாது என்பதுதான் நான் போட்ட ஒரே விதி. எனக்கும் அதே விதி.

அவளுடைய தம்பி அதைக் கேட்டுவிட்டு, "ஆபரேஷன் தியேட்டர்ல கூட இவ்வளவு கெடுபிடி இல்ல மாமா" என்றான். "பேசாம இரு, அப்புறம் என்னை பிளீச்சிங் பவுடர்ல ஊறப்போட்டுத்தான் எடுப்பார்" என்றாள் அவள். இருவரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அன்பான வீடு எங்களுடையது. அதில் சந்தேகம் வேண்டாம்.

தண்ணீரைப் பராமரிப்பது பச்சைக் குழந்தையை வளர்ப்பது போல. தினமும் பார்க்க வேண்டும். குப்பிக்குள் கொஞ்சம் மொண்டு, சொட்டு மருந்து விட்டு, எந்த நிறத்துக்கு மாறுகிறது என்று கவனிக்க வேண்டும். ஓரத்துக் கூடையில் சேர்ந்ததை வழிக்க வேண்டும். இலையும் பூச்சியும் எனக்குப் பொருட்டில்லை. கூடைக்கு அடியில் முடி இருக்கும். தலைமுடி தனியாக இருந்தாலாவது பரவாயில்லை. அதில் தோல் துணுக்கும் களிம்பும் கோத்துக்கொண்டு, எலி வால் மாதிரி ஒன்று கையோடு வரும். காலுக்குப் பூசுகிற களிம்பு எவ்வளவு சோப்புப் போட்டாலும் முழுக்கப் போகாது. அது மேலே மிதந்து, தண்ணீர் மட்டத்தை ஒட்டி நான்கு சுவரிலும் பழுப்பு நிறத்தில் வளையமாகப் படியும். விரலால் தொட்டால் வழவழக்கும். முழங்காலிட்டு பிரஷ்ஷால் தேய்ப்பேன். மறுநாள் வந்துவிடும்.

ஒருநாள் நான் தேய்ப்பதை அவள் படியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள்.

"என்னங்க, என்னைத்தான் தேய்ச்சு எடுக்குறீங்களா?"

கேலியாகத்தான் கேட்டாள். உண்மையாகவே இருந்தது. அடுத்த சுவருக்கு நகர்ந்து தேய்த்தேன்.

"முன்னெல்லாம் நீங்கதான் கைபிடிச்சு எறக்கி விடுவீங்க" என்றாள். கைப்பிடிக் கம்பி வைத்த பிறகு என் கை எதற்கு என்று கேட்டேன். தலையை ஆட்டிக்கொண்டாள். ஒத்துக்கொண்டாள் என்று எடுத்துக்கொண்டேன்.

சரிவு தொடங்கும் இடத்தில் குறுக்கே ஒரு கயிறு இருந்தது, மிதவைகள் கோத்த கயிறு. அவள் தம்பி வாங்கிவந்து கட்டியது. இதற்கு அந்தப் பக்கம் போகாதே என்று அவளுக்கு அடையாளம். நல்ல எண்ணம்தான். ஆனால் மிதவைக்கு அடியில் நகம் பட்டால் உரிகிற அளவுக்குக் கொழகொழவென்று பாசி. அதை அவிழ்த்து, தேய்த்துக் கழுவி, வெயிலில் போட்டேன். காய்ந்த பிறகும் திரும்பக் கட்டவில்லை. கயிறு இல்லாத குளம் அவ்வளவு அழகாக இருந்தது.

அன்று முற்பகல். வடிகட்டித் தொட்டியைத் திறந்து மணலைக் கிளறிக்கொண்டிருந்தேன். முழங்கை வரை கசடு. அவள் குளித்துவிட்டு, கம்பியைப் பிடித்து ஒவ்வொரு படியாக இறங்கினாள்.

"கயிறு எங்கங்க?"

"காயுது."

"சரி, நான் இந்தப் பக்கமே நடந்துக்குறேன்."

இந்தப் பக்கமேதான் நடந்தாள். நன்றாக நடந்தாள். கால் தேறி வந்தது என்பதையும் சொல்ல வேண்டும். அந்தத் தெம்பில் கம்பியை விட்டுவிட்டுத் திரும்பியபோது சரிவில் கால் பட்டிருக்கும். களிம்பு பூசிய பாதம். அந்தக் குளத்தில் எது இறங்கினாலும் கடைசியில் வடிகாலுக்குத்தான் போய்ச் சேரும். அப்படித்தான் கட்டச் சொல்லியிருந்தேன்.

சத்தம் கேட்டதா என்றால், கேட்டது. "என்னங்க, கை குடுங்க" என்றாள். அலறவில்லை. கதவு திறக்கச் சொல்வதுபோலத்தான் கூப்பிட்டாள்.

நான் குளித்துக்கொண்டிருந்தேன் என்று முதல் நாளே சொன்னேன். நீங்கள் வீட்டுக்குள் இருக்கும் குளியலறையைப் போய்ப் பார்த்துவிட்டு, கதவைச் சாத்தினால் வெளிச்சத்தம் கேட்காதுதான் என்று உங்கள் ஆட்களிடம் சொன்னீர்கள். நல்ல மனிதர் நீங்கள். ஆனால் அந்தக் குளியலறை இல்லை. குளத்தை ஒட்டிய சுவரில் ஒரு ஷவர் இருக்கிறதே, செடிக்குத் தண்ணீர் விடுவதற்கு என்று நினைத்திருப்பீர்கள். அது. அதற்கு மறைப்புக் கிடையாது. குளத்தைப் பார்த்தபடிதான் வைத்திருக்கிறேன்.

அவள் கூப்பிட்டதும் எழுந்தேன். இரண்டு கையிலும் கசடு. உடம்பெல்லாம் வியர்வை. அன்று தண்ணீர் எப்படி இருந்தது என்று நீங்கள் பார்க்கவில்லை. அடித்தரையின் டைல்ஸ் இடுக்குகளை எண்ணிவிடலாம்போல இருந்தது. ஷவரைத் திறந்தேன். சோப்பை எடுத்தேன். அவள் தண்ணீருக்கு மேலே வந்து என்னைப் பார்த்தாள். நான் கழுத்துக்குப் போட்டுக்கொண்டிருந்தேன். கொஞ்சம் பொறு என்று கை காட்டினேன்.

அவள் மறுபடியும் வந்து பார்த்தபோது காதுக்குப் பின்னால் தேய்த்துக்கொண்டிருந்தேன். இலை அள்ளுகிற வலைக்கம்பு எட்டும் தூரத்தில் சாய்ந்திருந்தது. நீட்டியிருந்தால் எட்டியிருக்கும். அதை நீட்டுவதற்குக் குளிக்கவும் வேண்டியதில்லை. இது எனக்கு அப்போதே தெரிந்தது.

அதன் பிறகு அவள் மேலே வரவில்லை. நுரை போகும் வரை அலசிவிட்டு, ஷவரை மூடினேன். ஓரத்தில் வந்து நின்றேன். உடம்பு சுத்தமாகத்தான் இருந்தது. இறங்கியிருக்கலாம். தண்ணீர் அமைதியாகிவிட்டிருந்தது. கலைக்க மனம் வரவில்லை.

சாப்பிட வருவதாகச் சொல்லியிருந்த அவள் தம்பி வந்தான். எட்டிப் பார்த்தான். குளத்தை நோக்கி ஓடினான். அவனிடம் நான் ஏதோ சொன்னதாகவும், அதை நினைக்க நினைக்க அவனுக்குச் சாப்பாடு இறங்குவதில்லை என்றும் சொன்னீர்கள். என்ன சொன்னேன் என்பதை மட்டும் அவன் உங்களிடம் சொல்ல மறுக்கிறான். நான் சொல்கிறேன்.

"செருப்பக் கழட்டிட்டு எறங்கு மாப்ள."

கழற்றவில்லை. தெருமண்ணோடு குதித்தான். தண்ணீர் பழுப்பாகப் பொங்கியது. அவளைத் தூக்கிக்கொண்டு போன பிறகு ஒரு செருப்பு மிதந்தது. வலைக்கம்பால் எடுத்தேன்.

இவ்வளவுதான். கையெழுத்து எங்கே வேண்டுமோ போடுகிறேன். கொன்றாயா என்று கேட்டால், ஆமாம். வழுக்கி விழுந்தாள் என்று எழுதினால் அது உங்கள் பெருந்தன்மை.

ஒரு உதவி மட்டும் கேட்கிறேன். வீட்டுச் சாவி உங்களிடம் இருக்கிறது. நாளை வெயில் ஏறுமுன் யாராவது போய் மோட்டாரைப் போட்டுவிட்டு வரட்டும். விட்டால் ஒரு வாரத்தில் பச்சை பிடித்துவிடும். அவளுக்காகப் பார்த்துப் பார்த்துக் கட்டிய குளம்.