கச்சான் காற்றில் கிழக்கு மூலை

என் பெயர் கிருபாநிதி. வயது 43. தகப்பனார் பெயர் பொன்னுதுரை. சொந்த ஊர் நாசரேத். தற்சமயம் தூத்துக்குடியில் வாடகை வீட்டில் மனைவி, ஒரு மகளுடன் குடியிருக்கிறேன். வேம்பார் போகும் கடற்கரைச் சாலையில் உள்ள கடல்பாசி ஆலையில் ஒன்பது வருடங்களாகப் பாதுகாப்பு அலுவலராக வேலை பார்த்து வருகிறேன். நான் சொல்வது எனக்கு எதிராகவே பயன்படலாம் என்று நீதித்துறை நடுவர் அவர்கள் எச்சரித்தார்கள். யோசிக்க ஒரு நாள் அவகாசமும் கொடுத்தார்கள். யோசித்துவிட்டுத்தான் வந்திருக்கிறேன்.

எங்கள் ஆலையில் பாசியை ஆசிட்டில் அலசி, பிளீச்சில் வெளுத்து, காய்ச்சிப் பொடியாக்கி வெளிநாட்டுக்கு அனுப்புகிறோம். பகல் ஷிப்டில் பாசி பிரிக்கும் வேலையில் முப்பத்தோரு பெண்கள் இருக்கிறார்கள். பெரும்பாலும் கீழவைப்பார், வேம்பார் மீனவக் குடும்பங்களைச் சேர்ந்தவர்கள். மாதம் ஒருமுறை அவர்களுக்கு நான் வகுப்பு எடுப்பேன். போபாலில் 1984இல் நடந்தது, இந்தக் கடற்கரையில் 2004இல் நடந்தது என்று ஒவ்வொரு பேரழிவாகச் சுவரில் படம் போட்டு, அதிலிருந்து நாம் கற்க வேண்டியது என்ன என்று சொல்வேன். வகுப்பு முடிந்ததும் டீ, வடை உண்டு. வடைக்காகத்தான் வருகிறார்கள் என்று மேலாளர் கேலி செய்வார். எனக்குச் சுருக்கென்றிருக்கும். என் பேச்சுக்காகத்தான் வருகிறார்கள் என்று நான் நம்பிக்கொண்டிருந்தேன்.

வருடத்துக்கு ஒருமுறை ஒத்திகை நடத்துவோம். சைரன் ஊதியதும் எல்லோரும் ஆலையின் கிழக்கு மூலைக்குப் போய், மதிலை ஒட்டி வைத்திருக்கும் பச்சைப் பலகைக்குக் கீழே வரிசையாக நிற்க வேண்டும். தலை எண்ணி முடியும்வரை யாரும் அசையக் கூடாது. அந்த இடத்தைத் தேர்ந்தெடுத்தவன் நான். தை மாதம் வெளிநாட்டுக் கம்பெனியிலிருந்து தணிக்கைக்கு வருவார்கள், அவர்கள் முன்னால்தான் ஒத்திகை நடக்கும். தையில் வாடைக் காற்று வடகிழக்கிலிருந்து வரும், அதனால் ஆலையின் நாற்றம் கிழக்கு மூலைக்கு எட்டாது. பலகையும் முப்பத்தோரு பேரும் ஒரே போட்டோவில் அடங்கிவிடுவார்கள். ஒன்பது வருடமும் தையில்தான் நடத்தினேன். காற்று மாறி அடிக்கும் மாதங்களில் ஒரு தடவைகூட நடத்தவில்லை.

கடந்த மே மாத வகுப்பில், 1988இல் வட கடலில் எரிந்துபோன எண்ணெய் எடுக்கும் மேடையைப் பற்றிச் சொன்னேன். நூற்று அறுபத்தேழு பேர் இறந்தார்கள். சொல்லிக் கொடுத்த இடத்தில் கூடி உத்தரவுக்குக் காத்திருந்தவர்களில் நிறையப் பேர் புகையில் மூச்சடைத்துச் செத்தார்கள், கடலில் குதித்தவர்களில் பலர் பிழைத்தார்கள். இதை நான் வருடா வருடம் சொல்வதுண்டு. சொல்லிவிட்டு அடுத்த படத்துக்குப் போய்விடுவேன். அந்த விபத்திலிருந்து எனக்கு வேண்டியதெல்லாம் பழுது வேலைக்கு அனுமதிச் சீட்டு வாங்க வேண்டும் என்ற பாடம் மட்டும்தான்.

அப்போது கீழவைப்பாரைச் சேர்ந்த விஜிலா என்பவர் எழுந்தார். வயது 34. கணவர் வள்ளத்தில் கடலுக்குப் போகிறவர். "அப்பொறம் எங்கள மட்டும் எதுக்கு சார் மூலையில நிக்கச் சொல்லுதிய? வாடைக்கு அந்த இடம் சரி. ஆடியில கச்சான் மேக்கேருந்துலா அடிக்கும். அவ்வளவும் எங்க மூஞ்சியிலதான் வரும்" என்றார். நான், "ஆளுக்கொரு காத்தப் பாத்து ஓடுனா யாரு தலைய எண்ணுறது? இவ்வளவு விவரம் தெரிஞ்ச நீங்களே இனிமே எண்ணுங்க" என்று சொல்லி, வரிசைத் தலைவி என்று எழுதிய சிவப்புப் பட்டையை அவர் கையில் கொடுத்தேன். எல்லோரும் சிரித்தார்கள். விஜிலாவும் சிரித்துக்கொண்டே வாங்கிக்கொண்டார். அவர் கேட்டது சரி என்று எனக்கு அப்போதே தெரியும். முப்பது பேர் முன்னால் ஒத்துக்கொள்ள மனம் வரவில்லை. அதன் பிறகு பலகையை மாற்ற வேண்டும் என்று நினைத்தேன், அடுத்த தைத் தணிக்கை முடிந்து பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டேன்.

08.07.2025 செவ்வாய்க்கிழமை காலை சுமார் பதினொன்றே கால் மணிக்கு ஆசிட் லாரி வந்தது. ஆபரேட்டர் முத்துச்செல்வம் லாரிக் குழாயை ஆசிட் தொட்டியின் வாயில் மாட்டுவதற்குப் பதிலாகப் பக்கத்திலிருந்த பிளீச் தொட்டியின் வாயில் மாட்டிவிட்டார். இரண்டு வாய்களும் ஒரே அளவு. மேலே எழுதியிருந்த பெயர்கள் உப்புக் காற்றில் அரித்துப் போயிருந்தன. மாற்றச் சொல்லி நான் இரண்டு தடவை எழுதிக் கொடுத்தேன், மூன்றாவது தடவை எழுதவில்லை. முத்துச்செல்வம் இப்போது சிறையில் இருக்கிறார். அவர் செய்தது தவறுதான், ஆனால் அந்தத் தவறு யாருக்கும் வரக்கூடியது.

ஆசிட்டும் பிளீச்சும் கலந்ததும் குளோரின் வாயு கிளம்பியது. மஞ்சளும் பச்சையுமாக, தரையோடு தரையாக நகர்ந்தது. காற்றை விடக் கனமான வாயு அது, மேலே எழும்பாது. அன்று கச்சான் பலமாக அடித்தது. நான் மேற்குப் பக்கத்து அலுவலகத்தில் இருந்தேன், அங்கே நாற்றம்கூட வரவில்லை. சைரனை அழுத்தினேன். அதன் பிறகு ஒத்திகையில் செய்வது போலவே மைக்கை எடுத்தேன். கிழக்கு மூலையில் வரிசை கூடுவது ஜன்னலில் தெரிந்தது. அதன் பிறகு வரிசை கலைவதும் தெரிந்தது. எனக்குக் கோபம்தான் வந்தது. "யாரும் வரிசையை விட்டு நகரக் கூடாது, எண்ணி முடிக்கும்வரை நில்லுங்கள்" என்று மைக்கில் மூன்று தடவை சொன்னேன்.

மூலையில் நடந்ததை, அங்கே நின்ற செண்பகம் பிற்பாடு அரசு மருத்துவமனையில் வைத்து என்னிடம் சொன்னார். அவருக்கு இன்னும் முழுதாக மூச்சு விட முடியவில்லை. "விஜிலா அக்கா வந்ததும் காத்து எந்தப் பக்கம்னு வானத்தப் பாத்தாவ. ஏளா, இங்கன நிக்காதீங்க, வடக்க லாரி கேட்டு வழியா உப்பளத்துக்கு ஓடுங்கன்னு கத்துனாவ. பாதிப் பேரு ஓடிட்டாவ. மைக்குல சார் நில்லுங்கன்னு சொல்லுதீங்க. யாரு பேச்சக் கேக்கன்னு தெரியல. அக்கா எங்களப் பிடிச்சுத் தள்ளுனாவ. நாங்க நாலு பேரு மட்டும் நின்னோம். சார்தான சொல்லுதாங்கன்னு நின்னோம்" என்றார். இதைச் சொல்லும்போது என்னைக் குறை சொல்லும் தொனி அவரிடம் இல்லை. அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

அதன் பிறகு விஜிலா மற்றவர்களோடு உப்பளத்துக்குப் போய்விட்டார். பிழைத்துவிட்டார் என்றே சொல்ல வேண்டும். ஆனால் அங்கே வரப்பில் நிறுத்தி எண்ணிப் பார்த்திருக்கிறார். தன்னோடு சேர்த்து இருபத்தேழுதான் வந்தது. நான்கு குறைந்ததும், முந்தானையை உப்பளத் தண்ணீரில் நனைத்து முகத்தில் சுற்றிக்கொண்டு திரும்பி ஓடினார். ஈரத் துணியைக் கட்டச் சொல்லிக் கொடுத்ததும் என் வகுப்புதான். மதிலோரம் வாயு தேங்கி நின்றது. விழுந்து கிடந்தவர்களில் மூன்று பேரை ஒவ்வொருவராகக் கேட் வரைக்கும் இழுத்துக் கொண்டுவந்தார். செண்பகம் நான்காவது ஆள். அவரைத் தீயணைப்புக்காரர்கள் எடுத்தபோது விஜிலா அவர் பக்கத்திலேயே விழுந்து கிடந்தார். அன்று மாலை மருத்துவமனையில் இறந்துபோனார்.

மறுநாள் காலை மேலாளர் என்னைக் கூப்பிட்டு, தட்டச்சு செய்த அறிக்கை ஒன்றைக் கொடுத்தார். அதில், விஜிலா விதியை மீறி வரிசையைக் கலைத்துப் பதற்றம் உண்டாக்கினார் என்றும், தடையை மீறி வாயு இருந்த பகுதிக்குள் தானாகவே நுழைந்தார் என்றும் எழுதியிருந்தது. நான் தயங்கினேன். "செத்தவங்கள யாரும் கோர்ட்டுக்கு இழுக்கப் போறதில்ல, கிருபா. உங்க மகள நினைச்சுப் பாருங்க" என்றார். நான் கையெழுத்துப் போட்டேன். பயந்துதான் போட்டேன், வேறு காரணம் ஒன்றும் இல்லை.

அடக்கம் முடிந்து மூன்றாம் நாள் விஜிலாவின் கணவர் ஆலை கேட்டுக்கு வந்தார். சண்டை போட வரவில்லை. என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "எம் பொண்டாட்டி சொன்ன பேச்சக் கேக்காமத்தான் செத்தாளாம்லா சார்? ஊருல அப்படித்தான் சொல்லுதானுவ. பிள்ளைங்க கேக்குதுவ, என்ன சொல்ல?" என்று கேட்டார். நான் கேட்டைத் தாண்டி உள்ளே வந்துவிட்டேன். அதன் பிறகு இரண்டு நாள் வேலைக்குப் போகவில்லை. அதன் பிறகு இங்கே வந்தேன்.

விஜிலா வரிசையைக் கலைத்தது உண்மை. அவர் கலைத்ததால்தான் இருபத்தாறு பேர் நடந்து வீட்டுக்குப் போனார்கள். நான்கு பேர் கலையாமல் நின்றது என் குரலால். அவர் திரும்பி வந்ததும் அந்த நான்கு பேருக்காகத்தான். நான் கையெழுத்துப் போட்ட ஆலை அறிக்கையில் அவரைப் பற்றி உள்ள பழி முழுக்கப் பொய், அந்தப் பொய்க்கு நான் உடந்தை.

நடுவர் அவர்கள் கடைசியாக ஒரு கேள்வி கேட்டார்கள், மைக்கைப் பிடித்தபோது காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று உங்களுக்குத் தெரியாதா என்று. பாய்லர் கூரையில் ஒரு கம்பத்தில், காற்று போகும் திசையைக் காட்டும் காற்றுப் பை கட்டியிருக்கிறது. நானே வாங்கிக் கட்டியது. அலுவலக ஜன்னலுக்கு நேர் எதிரே தெரியும். அன்று அது கிழக்கைப் பார்த்து விறைத்து நின்றது. நான் அதைப் பார்த்தேன். பார்த்துக்கொண்டேதான் நில்லுங்கள் என்று சொன்னேன்.

இவை நான் சொல்லச் சொல்ல எழுதப்பட்டு, எனக்கு வாசித்துக் காட்டப்பட்டன. அனைத்தும் உண்மை. யாரும் என்னை மிரட்டவோ ஆசை காட்டவோ இல்லை. இதன் நகல் ஒன்றை விஜிலாவின் பிள்ளைகள் வாசிக்கும்படி அவர்கள் வீட்டுக்குக் கொடுக்க வேண்டும் என்று கேட்டுக்கொண்டு கையெழுத்திடுகிறேன்.

(ஒப்பம்)
பொ. கிருபாநிதி
17.07.2025