தெசலோனிகிக்கு ஒரு விளக்கு

– முடியாதுன்னா முடியாதுதான், ராம்கி. மேடையில எனக்கு ஒரு விளக்கு வேணும். விளக்கு இல்லேன்னா அலர்மேல்மங்கை தெசலோனிகிக்கு வரலேன்னு அந்த எலேனிகிட்ட சொல்லிடு.

– அத்தே, நாளைக்குக் காத்தால ஃப்ளைட்! பெட்டியெல்லாம் கட்டியாச்சு. இப்போ போய் வரலேங்கறியே.

– கட்டின பெட்டியைப் பிரிக்க எத்தனை நாழி ஆகும்? இதோ, புடவையை வெளியில எடுத்தாச்சு. சால்வையும் எடுத்தாச்சு.

– ஐயோ, உள்ளே வை. முதல்ல ஒரு இடத்துல உட்காரு. காத்தாலேர்ந்து கூடத்துக்கும் ரூமுக்கும் அலையறே. பார்க்கற எனக்கே மூச்சு வாங்கறது.

– நீ மட்டும் உட்கார்ந்திண்டிருக்கியாக்கும்? போனைக் கையில வெச்சுண்டு ஜன்னலுக்கும் வாசலுக்கும் நடக்கறே. அந்த நடையை வெளியில நடந்திருந்தா அல்சூர் ஏரியையே சுத்தி வந்திருக்கலாம்.

– எப்படி உட்கார்றது? அஞ்சு மணிக்கு எலேனி கூப்பிடுவா. லைட் விஷயம் இன்னிக்கே முடிவாகணும். கொஞ்சம் யோசிச்சுப் பாரு, அத்தே. கிரீஸ் தேசத்துல, அத்தனை பழைய ஊர்ல, கோட்டைக்குள்ள எலேனியும் நானுமா நம்ம சங்கீதத்துக்கு ஒரு விழா ஆரம்பிக்கறோம். இருந்த நல்ல வேலையை விட்டுட்டு இதுக்குன்னு நாயா அலைஞ்சேன். முதல் நாள், முதல் கச்சேரி உன்னுது. நீ வரலேன்னா திறக்கற அன்னிக்கே இழுத்து மூடிட்டு வர வேண்டியதுதான்.

– வரமாட்டேன்னா சொன்னேன்? ஒரு விளக்கு வெக்கச் சொல்லுன்னுதானே சொல்றேன். பந்தி போட்டு இலையை மறந்த கதையா இருக்கே இது.

– யாரும் மறக்கலே. வேணும்னுதான் வெக்கலே. எத்தனை தரம் சொல்றது? பொழுது சாஞ்சதும் கோட்டைச் சுவர் மேல சுத்தி அகல் விளக்கு ஏத்துவா. கீழே முற்றம் இருட்டு. மேடையும் இருட்டு. பாடறவா தெரியப்படாது, குரல் மட்டும் வரணும். அந்த ஊர் பேப்பர்ல இதைத்தான் பெரிசா போட்டிருக்கா. ஜனங்க இதுக்குத்தான் வரா. நடுவுல ஒரு பல்பைத் தொங்கவிட்டா அப்புறம் என்ன மிச்சம்?

– பாட்டு மிச்சம்.

– அத்தே, ப்ளீஸ். ஸ்வல்ப அட்ஜஸ்ட் பண்ணிக்கோயேன். நான் அனுப்பின உன் ஆலாபனையைக் கேட்டுட்டுதான் எலேனிக்கு இந்த யோசனையே வந்தது. கண்ணை மூடிண்டு கேட்டாளாம். எல்லாரும் அப்படிக் கேக்கணும்னு ஆசைப்படறா.

– ஆசைப்படட்டும். கேக்கறவா கண்ணை மூடிக்கட்டும். பாடற இடத்துல வெளிச்சம் இருந்தா அவா கண்ணையா குத்தறது?

– நிஜத்தைக் கேக்கறேன், கோச்சுக்காதே. காஞ்சிபுரம் போய்ப் பட்டு எடுத்துண்டு வந்தியே, அது தெரியாதுன்னுதானே இத்தனை ரகளை?

– ஆமாண்டா, அப்படியே வெச்சுக்கோ. வயசான காலத்துல வைரத்தோடு நாலு பேர் கண்ணுல மின்னணும்னு கிழவிக்கு ஆசை.

– இதை நான் எப்படி அவகிட்ட சொல்லுவேன்? போன வாரமும் இதே பல்லவி. "பெரிய வித்வான்னா பிடிவாதம் இருக்கத்தான் செய்யும்"னு சிரிக்கறா. எனக்கு மானம் போறது.

– பெரிய விளக்கு வேண்டாம்னு சொல்லு. சின்னதா ஒண்ணு. முகத்துல கூட விழ வேண்டாம். என் மடி மேல விழுந்தாப் போறும்.

– மடி மேலயா?

– வலது துடை மேல.

– தோடு வேண்டாம், முகம் வேண்டாம், துடை மட்டும் தெரியணுமா? அத்தே, அந்தப் புடவையைக் கீழே வை. என்னைப் பாரு. என்ன விஷயம்?

– ஒண்ணுமில்லே. காப்பி கலக்கறேன், குடிக்கறியா?

– காப்பி வேண்டாம். உனக்குப் பொய் சொல்லவே வராது. என்னன்னு சொல்லு.

– யார்கிட்டயும் மூச்சு விடப்படாது. கையில அடி.

– இந்தா, அடிச்சாச்சு.

– ஆம்ப்ரோசுக்குக் காது கேக்கலேடா.

– எது? நம்ம மிருதங்கம் ஆம்ப்ரோஸ் சாருக்கா? சும்மா இரு அத்தே! தமிழ்ச் சங்கத்துல பொங்கலுக்கு உனக்கு வாசிச்சாரே. தனி ஆவர்த்தனத்துக்கு ஜனங்க எழுந்து நின்னு கை தட்டினாளே!

– தட்டினா. அது அவருக்குக் கேட்டிருக்காது. எல்லாரும் எழுந்ததைப் பார்த்துட்டுதான் கும்பிட்டார்.

– உனக்கு எப்படித் தெரியும்? அவர் சொன்னாரா?

– அவராவது, சொல்றதாவது. அதுக்கு முந்தி இங்கே கோவில் உற்சவத்துல பாடிண்டிருந்தோம். பின்னாடி எவனோ சரவெடியைக் கொளுத்திப் போட்டுட்டான். வயலின் கில்பர்ட் வில்லையே கீழே போட்டுட்டார். எனக்குத் தொண்டையில பாதி பாட்டு நின்னு போச்சு. இவர் மட்டும் அசையலே, ராம்கி. வாசிச்சுண்டே இருந்தார். கண்ணு என் கை மேல இருந்தது. தாளம் போடற கை மேல. நான் நிறுத்தினதைப் பார்த்துட்டுதான் அவரும் நிறுத்தினார்.

– அப்போ இத்தனை நாளா...

– பேச்சுன்னா வாயசைவைப் பார்த்துப் புரிஞ்சுக்கறார். பாட்டுன்னா என் கையைப் பார்த்துண்டேதான் வாசிக்கறார். துடையில தட்டறேன், விரலை எண்ணறேன், கையைத் திருப்பறேன். அதுதான் அவருக்குக் காது. இப்போல்லாம் நானும் பளிச்சுனு தெரியறாப்பல போடறேன். ஆனா எனக்கு விஷயம் தெரிஞ்சுட்டதுன்னு அவருக்குத் தெரியாது. இப்போ சொல்லு, உன் எலேனி இருட்டாக்கினா அவர் எதைப் பார்ப்பார்?

– ஐயையோ. இதை நீ முன்னாடியே சொல்லியிருக்கப்படாதா? சரி, இரு, இரு. யோசிக்கறேன். ஸ்ரீஹர்ஷாவைக் கூப்பிட்டா?

– யாரு?

– ஸ்ரீஹர்ஷா, அத்தே. சின்னப் பையன், பிரமாதமா வாசிக்கறான். ஜெர்மனி போய்ட்டு வந்த விசா இன்னும் இருக்கு, அது கிரீசுக்கும் செல்லும். இப்போ சொன்னாக்கூடக் கிளம்பிடுவான். ஆம்ப்ரோஸ் சாருக்கு உடம்பு சரியில்லேன்னு...

– வாயை மூடு.

– நான் தப்பா ஒண்ணும்...

– மூடுன்னேன். நான் பாட வந்தப்போ, பொம்மனாட்டிக்கு வாசிக்க மாட்டோம்னு பெரிய பெரிய வித்வானெல்லாம் முகத்தைத் திருப்பிண்டா. ஆஸ்டின் டவுன்லேர்ந்து சைக்கிள்ல மிருதங்கத்தைக் கட்டிண்டு வந்தவர் இவர் ஒருத்தர்தான். அப்போகூட அப்பா என்ன பண்ணினார்? வேத்து மதம், ஆம்பளைன்னு என்கிட்டேர்ந்து ஒரு முழம் தள்ளி அவருக்குத் தனி ஜமக்காளம் போட்டார். அவர் சிரிச்சுண்டே அதுல உட்கார்ந்தார். அப்பா போயும் எத்தனையோ வருஷம் ஆச்சு. நான் அந்த ஜமக்காளத்தை இன்னும் எடுக்கலே. அது வேற எனக்கு நெஞ்சை அறுக்கறது. இப்போ ஆளையே எடுக்கச் சொல்றியா?

– அத்தே, அழாதே. தெரியாமக் கேட்டுட்டேன்.

– தெசலோனிகின்னு சொன்னதும் அவர் முகத்தைப் பார்த்தியோ? கொழந்தை மாதிரி ஆயிடுத்து.

– வாசல்ல ஆட்டோ நிக்கறது. அவர்தான்! கண்ணைத் துடைச்சுக்கோ... வாங்கோ ஆம்ப்ரோஸ் சார், வாங்கோ. என்ன, கையை வீசிண்டு வரேள்? மிருதங்கம் எங்கே?

– வீட்லயே வச்சிட்டேன் தம்பி. அம்மா, வணக்கம்மா. இன்னாம்மா இது, பொட்டியத் தொறந்து போட்டுக்கினு? இன்னும் கட்டலியா?

– கட்டறேன், கட்டறேன். உட்காருங்கோ ஆம்ப்ரோஸ். என் எதிர்ல உட்காருங்கோ.

– உக்கார்ற மாதிரி இல்லம்மா. ஒரு விசயம் சொல்லிட்டுப் போய்டலாம்னு வந்தேன். நான் வரல.

– என்னது?

– தம்பி போன்ல ஒரு வீடியோ அனுப்புச்சுல்ல, அந்தக் கோட்டை, வெளக்கு, இருட்டு எல்லாம். நல்லாத்தான் இருக்குது, சும்மா சொல்லக்கூடாது. அதைப் பார்த்ததுல இருந்து ஒரே பேஜாரு. படுத்தாத் தூக்கம் இல்ல. ஸ்ரீஹர்ஷாவைக் கூட்டிக்கினு போங்கம்மா. தங்கமான புள்ள. நானே பேசிப் பார்த்தேன், வர்றேன்னுட்டான்.

– நீங்களே பேசினேளா?

– ஆமாம்மா. காரணம் கேக்காதீங்க. கேட்டாச் சொல்லிடுவேன், சொன்னா எனக்கு அசிங்கம்.

– நான் கேக்க வேண்டாம். எனக்குத் தெரியும்.

– இன்னா தெரியும்?

– சரவெடி வெடிச்ச அன்னிலேர்ந்து தெரியும்.

– ஏசுவே... அவ்ளோ நாளாவா? தெரிஞ்சுக்கினேவா என்னை வச்சு வாசிக்க வச்சீங்க?

– வேற யாரை வெச்சுப்பேன்?

– கில்பர்ட்டுக்குத் தெரியுமா?

– யாருக்கும் தெரியாது. இதோ இவனுக்கு இப்பத்தான் சொன்னேன். சொல்ல வெச்சுட்டான்.

– ஆம்ப்ரோஸ் சார், மிஷின் எதாவது வெச்சுக்கப்படாதா? இப்போல்லாம் நல்ல நல்ல...

– வச்சுப் பார்த்தேன் தம்பி. பேச்சு கேக்குது. மிருதங்கம் தகர டப்பா மாரி கேக்குது. அதைக் கேட்டுக்கினு வாசிக்கிறதுக்கு வாசிக்காமயே இருக்கலாம். சுருதி சேர்க்கறதுக்கு மட்டும் எடது காதை மிருதங்கத்துல ஒட்டி வச்சுக்குவேன், கொஞ்சம் கேக்கும். மத்ததெல்லாம் அம்மா கைதான். அம்மா எங்க போவாங்க, எங்க நிப்பாங்கன்னு மனப்பாடம். ஆனா கை தெரியணுமே. சிரிப்பு இன்னான்னா, அம்மாவோட அப்பா என்னை ஒரு முழம் தள்ளி உக்கார வச்சாரு பாருங்க, அப்போ மனசுல கொஞ்சம் வலிச்சுச்சு. இப்போ அந்தத் தூரத்துல இருந்துதான் கை நல்லாத் தெரியுது. பெரியவருக்குப் புண்ணியமாப் போவட்டும்.

– போறும் ஆம்ப்ரோஸ். அதைச் சொல்லாதீங்கோ.

– கோவமா சொல்லலம்மா. பர்வாகில்ல. எனக்கு இருக்கிற ஒரே பயம், அத்தினி ஜனத்துக்கு முன்னாடி, மொத மொதல்ல ஆரம்பிக்கிற விழாவுல, இருட்டுல நான் எங்கியோ அடிச்சு நீங்க எங்கியோ நின்னா உங்க பேரு கெட்டுடும். தம்பி விழாவும் கெட்டுடும்.

– உங்களுக்கு அந்த ஊரைப் பார்க்கணுமே.

– பார்க்கணும்தான். எங்க பைபிள்ல வர்ற சின்னப்பர் நிருபம், அதான் கடுதாசி, எழுதி அனுப்பின ஊரு. கோயில்ல நானே எத்தினி வாட்டி அதை வாசிச்சிருக்கேன்! தெசலோனிக்கா போறேன்னு சாமியார்கிட்ட, பக்கத்து வீட்ல, பால்காரன்கிட்டக்கூடச் சொல்லிட்டேன். மனசு அடிச்சுக்குதும்மா, இல்லன்னு சொல்லல. ஆனா நான் ஊர் பார்க்க வர்றதுக்கு உங்க கச்சேரியக் கெடுக்கிறதா?

– ராம்கி, நீ என்ன சொல்றே? விளக்குக்கு வழியே இல்லையா?

– கேட்டுப் பார்த்தாச்சு அத்தே. அந்த இருட்டுதான் விழான்னு ஒத்தைக் காலில நிக்கறா. இன்னொரு தரம் கேக்கறேன். காலில வேணா விழறேன். ஆனா காரணம் கேட்டா ஆம்ப்ரோஸ் சார் விஷயத்தைச் சொல்லணும்.

– வேணாம் தம்பி! அது மட்டும் வேணாம். காது கேக்காதவன் வாசிக்கிறான்னு டிக்கெட் வாங்கிப் பார்க்க வருவாங்க. நான் வேடிக்கைக் குரங்கா?

– இல்லே சார், சொல்லமாட்டேன். பெருமாளே... அத்தே, போன் அடிக்கறது. எலேனி.

– அடிக்கட்டும்.

– வீடியோ கால். எடுத்தே ஆகணும். என்ன சொல்லட்டும்? சீக்கிரம் சொல்லு!

– எடுத்துப் பேசுங்க தம்பி. ஸ்ரீஹர்ஷா வர்றான்னு சொல்லுங்க. இருட்டுக்கு சம்மதம்னு சொல்லுங்க. அம்மா, உத்தரவு குடுங்க, நான் கெளம்பறேன்.

– உட்காருங்கோ ஆம்ப்ரோஸ். ராம்கி, ஒரு விளக்கும் வேண்டாம், நன்னா இருட்டாவே இருக்கட்டும்னு அவகிட்ட சொல்லு. மேடைக்கு ஒரே ஜமக்காளம் போறும். ஆம்ப்ரோஸ், நீங்க என்னை ஒட்டி உட்காருங்கோ, தாளத்தை நான் உங்க முழங்கால்ல போடறேன்.